சேரும்போது சொன்ன ட்ரெய்னிங் மூன்று வருடமாகியும் வரவில்லை, சம்பளமும் குறைவு. இருப்பதா, விடுவதா?

"ஒரு வருடம் பொறு, ட்ரெய்னிங் கொடுத்து மேலே ஏற்றிவிடுகிறோம்" என்று சொல்லிச் சேர்த்தார்கள், மூன்று வருடம் ஓடிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. டிப்ளமோ முடித்து ஏதோ ஒரு ஃபேக்டரியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

2014-ல் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன். காலேஜுக்கே வந்து ஆள் எடுத்தார்கள். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி, பெயர் வேண்டாம். கையில் 9,200 ரூபாய். ஹெச்.ஆர். சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: முதல் வருடம் லைனில் இன்ஸ்பெக்ஷன், அப்புறம் சி.எம்.எம். ட்ரெய்னிங், மூன்றாவது வருடம் குவாலிட்டி இன்ஜினியர். அப்பா அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சி.எம்.எம். என்பது பாகங்களின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்லும் மெஷின். கருங்கல் மேடை, மேலிருந்து இறங்கும் ஊசி, அதன் நுனியில் கடுகு அளவுக்குச் சிவப்பாக ஒரு ரூபி உருண்டை. எந்நேரமும் 20 டிகிரியில் வைத்திருக்கும் கண்ணாடி அறைக்குள் அது இருந்தது. என் மேஜை அந்த அறைக்கு வெளியே, இருபது அடி தள்ளி. என் கையில் ஒரு பிளக் கேஜ். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், சிவப்பு அடித்த மறுமுனை போகக் கூடாது. போனால் ரிஜெக்ஷன் தொட்டி. ஷிஃப்டுக்கு 600 பீஸ். நான்கு வருடம் இதைத்தான் செய்தேன்.

கேட்காமல் இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு தேதி சொல்வார்கள். கஸ்டமர் ஆடிட் முடியட்டும், புது மாடல் இறங்கட்டும், ஏப்ரலில் அப்ரைசல் வரட்டும். ஏப்ரலில் 400 ரூபாய் ஏறும். மேனேஜரை நான் குறை சொல்லவில்லை. தங்கை கல்யாணத்துக்கு லைனில் ஆள் இல்லாத நேரத்திலும் நான்கு நாள் லீவு கொடுத்த மனிதர். என்னை அந்த அறைக்குள் அனுப்பினால் என் மேஜையில் யார் உட்காருவது என்பது அவருடைய கவலை. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

2017-ல் மறைமலை நகரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். டிராயிங் ஒன்றை முன்னால் விரித்து, வட்டத்துக்குள் எம் என்று போட்ட குறியைக் காட்டி, "இந்த டாலரன்ஸ் எப்போது கூடும்?" என்று கேட்டார்கள். டாலரன்ஸ் என்றால் அளவு எவ்வளவு விலகலாம் என்ற எல்லை. டிப்ளமோவில் படித்ததுதான். துளை பெரிதாகப் பெரிதாக இடம் விலகுவதற்கும் கொஞ்சம் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான் பதில். எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருடமாக நான் டிராயிங்கைத் தொட்டதே இல்லை. சம்பளம் ஏறாததைவிட அந்த அரை மணி நேரம்தான் இன்னும் வலிக்கிறது. படித்து வந்ததையும் அந்த மேஜையில் தொலைத்திருந்தேன்.

அதே மாதம் பி.எஃப். பாஸ்புக்கை முதல்முறையாக ஆன்லைனில் திறந்து பார்த்தேன். முதலாளி என்ற இடத்தில் நான் நினைத்த கம்பெனி இல்லை, ஒரு கான்ட்ராக்டர் பெயர் இருந்தது. சேர்ந்த நாளில் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. கேன்டீனில் ஒரு சீனியர் ஆபரேட்டர் அண்ணன்தான் 1981-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தைப் பற்றிச் சொன்னார். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அப்ரெண்டிஸ் சட்டத்தில் முறையாகப் பதிவானவர்களின் கதை வேறு, கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்களுக்கு வழக்கு இழுக்கும். ஆனால் "ட்ரெய்னி" என்று ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டாலே சட்டம் ஒதுங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

"நான்கு வருடம் ஏன் இருந்தாய், அப்போதே விட்டிருக்கலாமே" என்று கீழே சிலர் எழுதுவார்கள். வீட்டில் நான்தான் முதல் சம்பளக்காரன். ஊருக்கு மாதம் 4,000 அனுப்ப வேண்டும். படப்பையில் நான்கு பேர் ஒரு ரூமில் இருந்தோம். இதையும் சொல்லிவிடுகிறேன்: 2016-ல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம் என்று அரசு அறிவித்தது. எங்கள் ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் போட்டு முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வாங்கினார். கேட்டால் "இஷ்டம் இல்லாவிட்டால் காலி பண்ணுங்க தம்பி". வாடகைக்கு இருக்கும் எத்தனை பையன்களின் சம்பளம் இப்படிக் கரைகிறது! அந்த 100 யூனிட் குடியிருப்பவனுக்கு வந்தது, அவனுக்குத்தான் சேர வேண்டும். இதை யாருமே பேசுவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாயால் கேட்பதை நிறுத்துங்கள். என்ன ட்ரெய்னிங், எந்த மாதம், யார் தருவது என்று மூன்றே வரியில் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் போடுங்கள். கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம். நானும் போட்டேன், பதிலே வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அம்பத்தூரில் ஒரு சின்ன மெஷர்மென்ட் லேபில் 8,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் அந்த ஊசியை இறக்கச் சொன்னபோது கை நடுங்கியது. உருண்டை பீஸைத் தொட்டதும் "டிக்" என்று ஒரு சின்ன சத்தம் வரும். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தபோது அது எனக்குக் கேட்டதே இல்லை. 2018 கடைசியில் வேறு கம்பெனியின் குவாலிட்டி லேபில் 16,500-க்கு எடுத்தார்கள்.

அடுத்த வேலையின் ஆர்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா எழுதாதீர்கள். வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்காக ஐந்து வருடம் முடி என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பேசிக் 8,000 என்றால் ஐந்து வருடத்துக்கு அது சுமார் 23,000 ரூபாய்தான் வரும், அதற்காக இன்னும் இரண்டு வருடம் உட்கார வேண்டுமா என்று பாருங்கள்.

நான் வெளியே வந்தபோது கிடைத்த எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட், கான்ட்ராக்டரின் லெட்டர்ஹெட்டில் "ட்ரெய்னி, இன்ஸ்பெக்ஷன்" என்று ஒரே வரி. இன்று இரவே உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, மேலே யார் பெயர் இருக்கிறது, உங்களை என்ன பதவியில் எடுத்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.