உணர்திறன் பந்தயம் – கடிதம்

அன்புள்ள சாருக்கு,

தொடுதல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் நெகிழும் அழுத்த சென்சார்கள் பற்றி ஆய்வு செய்கிறேன். கார்பன் நானோகுழாய் கலந்த சிலிக்கோன் ரப்பரை பிளாஸ்டிக் படலத்தின்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிடுகிறேன். ஆய்வுத்தாள்களில் வரும் சென்சார்களோடு ஒப்பிட்டால் என்னுடையதன் உணர்திறன் மிகவும் குறைவு. எம்எக்ஸீன் என்ற உலோகக் கார்பைடு நானோ பொருளுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா? இங்க்ஜெட்டில் அச்சிட்டால் மேம்படுமா? இந்த சென்சார்கள் ஒருநாள் மனிதத் தோலுக்கு ஈடாகுமா? கொஞ்ச காலமாக ரொம்பச் சோர்வாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. சோர்வு வந்தால் வரட்டும், அதில் தப்பில்லை. ஆனால் எதற்காகச் சோர்ந்திருக்கிறீர்கள் என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. யாரோ ஒருவருடைய தாளில் இருக்கும் எண் உங்கள் எண்ணைவிடப் பெரிது. அவ்வளவுதானே? இதற்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

தோலுக்கு ஈடாகுமா என்பதை மேடையில் பேசுபவர்களுக்கு விட்டுவிடுவோம். இங்க்ஜெட்டும் உங்களுக்கு வேண்டாம். அதற்கு மை கிட்டத்தட்ட தண்ணீர்போல ஓட வேண்டும். நானோகுழாய்கள் திரண்டு முனையை அடைக்கும், துளி காயும்போது துகள்கள் விளிம்பில் போய் ஒதுங்கும். உங்கள் ரப்பர் பேஸ்ட்டுக்கு ஸ்கிரீன்தான் சரி.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். இந்த ஆய்வுத்தாள்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் புகைந்துகொண்டிருந்த விஷயம் இது, நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு மின்தடை எத்தனை பங்கு மாறுகிறது என்பதுதான் உணர்திறன். அழுத்தத்துக்கு எதிராக அந்த மாற்றத்தை வரைபடமாக வரைந்தால், வளைவு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும், பிறகு படுத்துவிடும். பலர் அந்தத் தொடக்கத்தில், சில நூறு பாஸ்கலுக்குள், சரிவை எடுத்துத் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். விரல் நுனியின் மென்மையான தொடுகைக்கே 10 கிலோபாஸ்கல் வரை வேண்டும். நடக்கும்போது குதிகாலுக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோபாஸ்கல். காலணிக்குள் வைக்கப்போகிற சென்சார் 5 கிலோபாஸ்கலிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டால், அந்தப் பெரிய எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அங்கே ஒரு மூத்தவர் இருந்தார். யார் புது சென்சாரைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மேசையில் வைத்து, மேலே ஒரு பித்தளை எடைக்கல்லை வைத்து, மல்டிமீட்டரை மாட்டிவிட்டு வேறு பேச்சைத் தொடங்கிவிடுவார். நாம் உணர்திறனைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். எடைக்கல் அசையாமல் இருக்கும். மீட்டரில் மின்தடை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், கடைசி இலக்கம் ஒரு நிலையில் நிற்காது. பேச்சு முடிந்ததும் கல்லை எடுப்பார். எண் மேலே ஏறும், ஆனால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது. “இதில் எந்த எண்ணை நம்பச் சொல்றே?” என்று கேட்டுவிட்டு சென்சாரைத் திருப்பி நீட்டுவார். ஈவிரக்கமில்லாத மனிதர் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இன்று எந்த ஆய்வுத்தாளைப் பிரித்தாலும் அவர் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஏன் அப்படி இறங்குகிறது? ரப்பருக்குள் இருக்கும் நானோகுழாய்கள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. பல இடங்களில் ஓரிரு நானோமீட்டர் இடைவெளி. எலக்ட்ரான்கள் அதைக் குவாண்டம் முறையில் ஊடுருவித் தாண்டுகின்றன. இடைவெளி துளி குறைந்தாலும் மின்னோட்டம் பல மடங்கு கூடும். உங்கள் சென்சார் வேலை செய்வதே இதனால்தான். ஆனால் ரப்பர் நேற்று தலைவைத்த தலையணை மாதிரி, அழுத்தியதை உடனே மறக்காது. எடை அப்படியே இருக்க, அது உள்ளுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நகர்வையும் நானோகுழாய்கள் விசுவாசமாக அறிவிக்கும். ஆகவே ஏற்றும்போது 5 கிலோபாஸ்கலில் ஒரு விடை, இறக்கும்போது அதே 5 கிலோபாஸ்கலில் வேறொரு விடை. ஹிஸ்டெரிசிஸ் என்று உங்கள் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதி முடிக்கப்போகிறீர்களே, அதுதான் இது. உணர்திறனைக் கூட்ட நானோகுழாயின் அளவை பெர்கோலேஷன் எல்லைக்குப் பக்கத்தில், அதாவது ரப்பரின் ஊடே மின்சாரம் பாயத் தொடங்கும் அளவுக்குப் பக்கத்தில், கொண்டுபோனால் இன்னொரு தொல்லையும் சேரும். அங்கே கலவையின் சிறு வேறுபாடுகூடப் பெரிதாகத் தெரியும். திங்கட்கிழமை அச்சிட்டதும் வெள்ளிக்கிழமை அச்சிட்டதும் வெவ்வேறு சென்சார்களாக இருக்கும்.

பொருளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னது? 2010இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவோவின் குழு 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈ உட்கார்ந்ததைக்கூட உணரும் சென்சாரைக் காட்டியது. அங்கே வேலை செய்தது ரப்பரில் வார்த்த நுண்ணிய பிரமிடுகள். பிரமிடுகளுக்கு இடையே காற்று இருந்ததால் ரப்பர் ஒதுங்க இடம் கிடைத்தது, திரும்பி எழவும் வேகம் கிடைத்தது. 2019இல் எம்ஐடியில் செய்த 548 சென்சார் கொண்ட கையுறைக்கு, விலைக்குக் கிடைக்கும் அழுத்த உணர் படலமும் மின்கடத்தும் நூலுமே போதுமாக இருந்தன. அதை வைத்துக்கொண்டே எந்தப் பொருளைப் பிடித்திருக்கிறோம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் ரப்பரை ஓர் உப்புத்தாளின்மேல் ஊற்றி வார்த்துப் பாருங்களேன். சொரசொரப்புக்கு அதைவிட மலிவான அச்சு இல்லை.

அப்புறம், தயவுசெய்து சென்சாரை விரலில் வளைத்துச் சுற்றி எடுத்த அந்தப் புகைப்படத்தைப் போடாதீர்கள். எல்லோரும் போட்டாகிவிட்டது. வளைத்தால் அது வளைவையும் அழுத்தமாகவே கணக்கிடும். டோக்கியோவில் தகாவோ சொமேயாவின் குழு 2016இல் 80 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு வளைத்தும் அளவு மாறாத சென்சாரைச் செய்தது, நானோகுழாயும் கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் தாளும் கலந்த நுண்ணிழைகளை வைத்து. நானோ பொருளைப் பயன்படுத்துவது என்றால் அப்படி ஒரு காரணத்தோடு பயன்படுத்த வேண்டும்.

எம்எக்ஸீனை மறந்தே போய்விட்டேன், நீங்கள் கேட்டதே அதைத்தான். டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2011இல் வந்தது, அருமையாக மின்சாரம் கடத்தும். ஆனால் பலரும் பயன்படுத்தும் டைட்டானியம் வகையைத் தண்ணீரில் கலந்து திறந்த அறையில் விட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ ஆக்சிஜனேற்றமடைந்து டைட்டானியம் டைஆக்சைடாகத் தொடங்கிவிடும். உங்கள் நானோகுழாய் அடுத்த வருஷமும் நானோகுழாயாகவே இருக்கும். மாற வேண்டாம். கையில் இருக்கும் சென்சாரில் ஏற்றமும் இறக்கமும் சேர்த்து ஒரு வளைவை எடுங்கள். பிறகு பத்தாயிரம் முறை அழுத்திவிட்டு மறுபடியும் அதே வளைவை எடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து அனுப்புங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். இயந்திரம் அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்த் தூங்குங்கள்.