மீந்த உருளைக்கிழங்கு: வாசகர் கேள்விகள்

இரவு செய்த உருளைக்கிழங்குப் பிரட்டல் அடுப்பிலேயே இருந்துவிட்டது. காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா? வாசம் மாறவில்லை. (வாசகி, செந்தூல்)

கொட்டிவிடுங்கள் அம்மா. இதை எத்தனை முறை எழுதினாலும் யாராவது மறுபடி கேட்கிறார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. பிரட்டல் வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அதில் ஒரு வகை விடும் நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. உங்கள் அடுப்புக் கொதி 100 டிகிரிதான். கிருமி செத்தாலும் நச்சு சட்டியிலேயே இருக்கும். அதற்கு வாசமும் இல்லை, ருசியும் இல்லை. "எங்கள் பாட்டி அப்படித்தான் வைத்தார், ஒன்றும் ஆகவில்லை" என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும் ஊர் இது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள். மதிய வெக்கையில் ஒரு மணி நேரம்தான்.

உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் மீந்துவிட்டது. சாப்பிடலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

எப்போது பொரித்தது, எங்கே வைத்தது? இரண்டையும் எழுதாமல் நான் எப்படிச் சொல்வது, தம்பி? காலையில் பொரித்து மாலைவரை மேசையில் கிடந்திருந்தால் வேண்டாம்.

பிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்?

4 டிகிரிக்குள் இருந்தால் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. எடுத்துச் சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

தீபாவளி திறந்த இல்ல விருந்துக்குப் பெரிய சட்டியில் மசாலா செய்வோம். மீந்ததைச் சட்டியோடு பிரிட்ஜில் வைக்கலாமா? (பட்டர்வொர்த்)

கூடாது. நடுப்பகுதி ஆற விடியும்வரை ஆகும். அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி வையுங்கள். அப்புறம், இரண்டு மணி நேரக் கணக்கை மறக்காதீர்கள்.

வேகவைத்த கிழங்கு உள்ளே சாம்பல் நிறமாகக் கருத்திருக்கிறது. கெட்டதா?

இல்லை. கிழங்கில் உள்ள இரும்புச்சத்து காற்றுப்பட்டுக் கருக்கிறது. கொழகொழப்பு, புளித்த வாடை, குமிழி, பூஞ்சை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எறியுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் நேரக் கணக்கு தப்பியிருந்தால் எறியுங்கள்.

அலுமினியத் தாளில் சுட்ட கிழங்கைத் தாளோடு வைக்கலாமா? (பினாங்கு)

வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத இடத்தில்தான் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயைத் தரும் கிருமி நச்சு விடும். 1994இல் டெக்சஸின் எல் பாசோவில், தாளோடு வெளியே விட்ட கிழங்கால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். சுட்டதும் தாளைப் பிரித்துவிடுங்கள்.

பிரீசரில்?

மசித்தது தாங்கும். குழம்புக் கிழங்கு பஞ்சாகிவிடும்.