ஊழல் ஆளுநர் போய் புதியவர் வந்தபோது: இல்லினாயில் பார்த்தது

கேள்வி: "அவமானப்பட்டுப் பதவி இழந்த ஓர் ஆளுநரின் இடத்துக்குப் புதியவர் வரும்போது மக்களுக்கு என்ன நம்பிக்கை இருக்கும், என்ன பயம் இருக்கும்? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்."

பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ பக்கம் இருந்தேன். அப்போது எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, வரி மட்டும் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவனும் மசோதாவைக் கிடப்பில் போடுவதும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்க ஆளுநர் அப்படியில்லை, நம் முதலமைச்சர் மாதிரி. மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். பட்ஜெட், வேலை நியமனம், ஒப்பந்தம் எல்லாம் அவர் கையில். அதனால் அவர் விழுந்தால் அது பேப்பரில் வரும் வெறும் செய்தியாக நிற்காது, வீட்டு வாசல் வரை வரும்.

கதைச் சுருக்கம் இது. ஆளுநராக இருந்தவர் ராட் பிளகோயவிச். ஒபாமா அதிபர் தேர்தலில் ஜெயித்ததும், வாஷிங்டனில் உள்ள நாட்டு செனட்டில் இல்லினாய் சார்பாக அவர் வகித்த இடம் காலியானது. அந்த இடத்துக்கு ஆளை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு. அதை விலை பேசினார் என்று 2008 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில் எஃப்.பி.ஐ. அவரை வீட்டிலேயே கைது செய்தது. அவர் அசரவில்லை. ஜாமீனில் வந்து, அதே மாதக் கடைசியில் ரோலண்ட் பர்ரிஸ் என்பவரை அந்த இடத்துக்கு நியமித்தும் விட்டார்! 2009 ஜனவரி 29 அன்று மாநில செனட் 59-0 என்று ஓட்டுப் போட்டு அவரை நீக்கியது. ஒரே ஒருவர்கூட அவர் பக்கம் நிற்கவில்லை. அன்றைக்கே துணை ஆளுநர் பாட் குவின் பதவியேற்றார்.

வெளியூர்க்காரர்கள் செனட் இடம் விற்ற கதையைத்தான் பேசினார்கள். எங்கள் அலுவலகத்தில் பேசியது வேறு. நான் அப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே தங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேல் மெடிகெய்ட், அதாவது வசதியில்லாதவர்களுக்கு அரசே செலவைக் கொடுக்கும் திட்டம். நாங்கள் பில் அனுப்புவோம், துறை சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும், பிறகு அது கம்ப்ட்ரோலர், அதாவது மாநிலத்தின் பில்களுக்குச் செக் போடும் அதிகாரி, அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கஜானாவில் பணம் இருந்தால் செக் வரும். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். காய்கறி சப்ளை செய்பவரும் துணி துவைத்துத் தருபவரும் எங்களைக் கூப்பிடுவார்கள், நாங்கள் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டைக் கூப்பிடுவோம். இந்த வாரம் சம்பளம் போட முடியாது என்ற நிலை வந்தால், அவசரம் என்று கடிதம் எழுதி, பேங்க் ஸ்டேட்மென்டையும் இணைத்து அனுப்பினால் வரிசையில் கொஞ்சம் முன்னே தள்ளுவார்கள். அந்தக் கடிதத்துக்கு எங்களிடம் ஒரு மாதிரியே தயாராக இருந்தது, தேதியை மட்டும் மாற்றுவோம்.

இந்தப் பின்னணியில் அந்தக் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். அதில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று வருகிறது. குழந்தை மருத்துவர்களுக்கு அரசு தரும் கட்டணத்தை உயர்த்துவதற்கு, அந்த மருத்துவமனையின் தலைவரிடமிருந்து 50,000 டாலர் தேர்தல் நன்கொடை எதிர்பார்த்தார், வரவில்லை என்றதும் உயர்வை நிறுத்தி வைக்கச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. பின்னால், 2011இல், நடுவர் குழு இதில் அவரைக் குற்றவாளி என்றது. செனட் இடம் தொடர்பான சில தீர்ப்புகளை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இந்த மருத்துவமனை விவகாரம் அப்படியே நின்றது. அரசு செக்குக்காகக் காத்திருக்கிறவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? கஜானாவில் பணம் இல்லாமல்தான் தாமதம் என்று அதுவரை நினைத்திருந்தோம். 'நம்மிடம் யாரும் கேட்கவில்லையே, கேட்காததால்தான் வரவில்லையோ' என்ற சந்தேகம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

ஆகவே புதிய ஆளுநர் வந்தபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கை ரொம்பச் சின்னது. பில் லேட்டானால், பணம் இல்லாததால் மட்டும் லேட்டாகட்டும். அவ்வளவுதான்.

குவினைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அந்த ஆசைக்கு ஏற்றபடிதான் இருந்தது. ஆள் சிக்கனம். மலிவான மோட்டலில் தங்குபவர் என்று பெயர். மருத்துவ வசதி எல்லோருக்கும் வேண்டும் என்று 2001இல் மாநிலத்தின் குறுக்கே 167 மைல் நடந்தவர். மின்சார, எரிவாயு நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றும்போது நுகர்வோருக்காக வாதாடும் அமைப்பு ஒன்று உருவாகக் காரணமாக இருந்தவர். 1980இல் கையெழுத்து இயக்கம் நடத்தி மாநிலக் கீழவையின் உறுப்பினர் எண்ணிக்கையை 177இலிருந்து 118 ஆகக் குறைக்க வைத்தவர். அரசியல்வாதிகள் யாருக்கும் அவரைப் பிடிக்காது என்பதே எங்களுக்குச் சிபாரிசாகத் தெரிந்தது. பிளகோயவிச்சும் அவரும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. துணை ஆளுநர் என்பது ஒப்புக்குச் சப்பாணிப் பதவி, அதில் இருந்ததால் கறையும் படவில்லை.

சரி, பயம்?

பக்கத்து மேசையில் ஒரு போலந்து வம்சாவளிப் பெண்மணி இருந்தார், பிறந்து வளர்ந்ததெல்லாம் சிகாகோ. பதவியேற்பைச் சின்ன டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் திரும்பாமல் பில்லுக்கு முத்திரை குத்திக்கொண்டே, "போன தடவையும் இப்படித்தான் கை தட்டினோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிளகோயவிச் 2002இல் ஜெயித்ததே 'அரசைச் சுத்தம் செய்வேன்' என்று சொல்லித்தான். அவருக்கு முன்னால் இருந்த ஜார்ஜ் ரையன் காலத்தில் லைசென்ஸுக்கு லஞ்சம் என்ற ஊழல் வெடித்திருந்தது. அதன் வேர் 1994இல் நடந்த ஒரு விபத்து. லஞ்சம் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய லாரி ஓட்டுநர் சம்பந்தப்பட்ட அந்த விபத்தில் ஒரே குடும்பத்தின் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். குவின் பதவியேற்ற நாளில் ரையன் சிறையில் இருந்தார். அவருக்கு முன்பு ஓட்டோ கெர்னர், டான் வாக்கர் என்று இன்னும் இரண்டு முன்னாள் ஆளுநர்கள் சிறைக்குப் போய் வந்தவர்கள். எங்கள் மாநில வண்டிகளின் நம்பர் பிளேட்டை எங்கள் ஆளுநர்களே செய்து தருகிறார்கள் என்று ஒரு ஜோக் உண்டு (சிறையில் நம்பர் பிளேட் செய்வார்கள்). முதல் தடவை கேட்டபோது சிரித்தேன்.

அப்படிப்பட்ட இடத்தில் 'இவர் நல்லவர்' என்று யார் சொன்னாலும் ஒட்டாது. அதிலும் 2006 தேர்தலின்போது பிளகோயவிச் நேர்மையானவர் என்று சான்றிதழ் கொடுத்தவர்களில் குவினும் ஒருவர். ஆளுநர், துணை ஆளுநர் என்று ஜோடியாகத் தேர்தலில் நின்றவர், வேறென்ன சொல்வார் என்று நான் விட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் விடவில்லை.

வயதானவர்களின் பயம் வேறு மாதிரி. இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் சொல்கிறேன். பிளகோயவிச் 65 வயது தாண்டியவர்களுக்குப் பேருந்து, ரயிலில் இலவசப் பயணம் கொடுத்திருந்தார். குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டையும் விரிவாக்கியிருந்தார். எங்கள் இல்லத்துக்குத் தன் அக்காவைப் பார்க்க வரும் ஒரு முதியவர், அந்த இலவச அட்டையைப் பர்சில் முதல் அறையில் வைத்திருப்பார். அவருடைய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் புது ஆள் இதைப் பிடுங்குவாரா?" திருடினாரோ இல்லையோ, எனக்குக் கொடுத்தார் என்ற கணக்கு. இதை இளக்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை, நம் ஊரிலும் ஓட்டுப் போடும் கணக்கு இதைவிடப் பெரிதாக வித்தியாசப்படுவதில்லை. அவர் பயந்தது நடந்தது. 2011இல் குவின் கையெழுத்தோடு அந்தச் சலுகை குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் என்று ஆனது.

இன்னொரு பயம் வரி. மாநில பட்ஜெட்டில் பெரிய பள்ளம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். வந்த சில வாரங்களிலேயே குவின் வருமான வரியை ஏற்ற வேண்டும் என்றார், சட்டமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் 3 சதவீதம் 5 சதவீதம் ஆனது. தற்காலிகம் என்றார்கள். என் சம்பளச் சீட்டில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் நியாயமாகச் சொன்னால், பில்லுக்குப் பணம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? சுத்தமான ஆளும் வேண்டும், வரியும் ஏறக்கூடாது, செக்கும் சீக்கிரம் வர வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டோம்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். புதியவர் வரும்போது எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறோம். நேர்மையானவரா, பழையவரோடு சேர்ந்தவரா, பலவீனமானவரா என்று. எழுந்து போகாதவர் யார் என்று பார்ப்பதில்லை. இல்லினாயில் அப்படி எழுந்து போகாதவர் மாநிலக் கீழவையின் சபாநாயகர் மைக்கேல் மேடிகன். நம் சபாநாயகர் மாதிரி மணி அடித்து உட்காரச் சொல்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எது கமிட்டியிலேயே உயிரை விடும், யாருக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் போகும் என்பதெல்லாம் அவர் கையில். 1983இல் உட்கார்ந்தவர், நடுவில் இரண்டு வருடம் தவிர, 2021 வரை இருந்தார். இன்னொன்றும் கேளுங்கள். குவின் ஆளுநரானதும் துணை ஆளுநர் இடம் 2011 வரை காலியாகவே கிடந்தது. குவினுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அடுத்தது அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி. அவர் லிசா மேடிகன், சபாநாயகரின் மகள்.

குவின் சும்மா இருக்கவில்லை. ரையன் வழக்கை நடத்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் பாட்ரிக் காலின்ஸ் தலைமையில் ஒரு சீர்திருத்தக் குழு போட்டார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிபாரிசுச் சேர்க்கை அம்பலமானபோது அறங்காவலர்களைப் பதவி விலகச் சொன்னார், பெரும்பாலோர் விலகினார்கள். தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் 2009 கடைசியில் வந்தது. ஆனால் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், கட்சித் தலைவர்கள் தங்கள் வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரம்பு உட்கட்சித் தேர்தலில் மட்டும்தான். பொதுத் தேர்தலில் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம். யார் எழுதினாலும் கடைசியில் ஓட்டுக்கு விடுவது சபாநாயகர்தானே. ஆளுநரை மக்களே திரும்ப அழைக்கும் உரிமை 2010இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. அதிலும் மனுவைத் தொடங்கவே இரண்டு அவைகளிலிருந்தும் முப்பது உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சாவி மறுபடியும் அதே வீட்டில்.

ஊழியர் நியமனத்திலும் இதே கதைதான். போக்குவரத்துத் துறையில் அரசியல் சிபாரிசில் ஆள் எடுக்க ஒரு பதவிப் பெயரையே குறுக்கு வழியாகப் பயன்படுத்தினார்கள் என்று 2014இல் மாநிலத்தின் விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்தார். பிளகோயவிச் காலத்தில் தொடங்கியது, குவின் காலத்திலும் தொடர்ந்திருக்கிறது. குவின் அதில் காசு பார்த்தார் என்று யாரும் சொல்லவில்லை. மேலே ஆள் மாறியதைக் கீழே இருந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்போ குவின் தோல்வியா? 2010 தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார், 2014இல் புரூஸ் ரௌனர் என்ற பணக்காரத் தொழிலதிபரிடம் தோற்றார். 'அரசியல்வாதியே வேண்டாம்' என்று வந்த அந்த ரௌனருக்கும் மேடிகனுக்கும் நடந்த மல்லுக்கட்டில் மாநிலம் இரண்டு வருடத்துக்கு மேல் முழு பட்ஜெட்டே இல்லாமல் ஓடியது. பழைய பில் பாக்கியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆனது. பிளகோயவிச்சுக்கு 14 ஆண்டு தண்டனை கிடைத்தது. 2020இல் டிரம்ப் அதைக் குறைத்து வெளியே விட்டார், 2025இல் மன்னிப்பும் கொடுத்தார். அதே 2025இல் மேடிகன் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஏழரை ஆண்டு தண்டனை பெற்றார்.

எங்கள் சின்ன நம்பிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குவின் இருந்தவரை செக் லேட்டாகத்தான் வந்தது, அந்த அவசரக் கடிதத்தை நாங்கள் தூக்கிப் போடவே இல்லை. ஆனால் லேட்டுக்குப் பின்னால் யாரோ நன்கொடை எதிர்பார்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் காதுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் பட்டது. இதைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதைவிட அதிகமாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பார். நாங்கள் இந்த விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.