அமெரிக்கக் கால்பந்தின் டைட் எண்ட் பற்றிக் கேளுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பாஸ்கெட்பால் ஆடியவர் டைட் எண்ட் ஆகிவிடலாம் என்கிறார்களே?

ஆகலாம். டைட் எண்ட் என்பவர் பாஸும் பிடிப்பார், எதிராளியை மறித்துத் தடுக்கவும் (பிளாக்கிங்) செய்வார். ஆண்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியது பாஸ்கெட்பால் மட்டும்தான். 2003 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவரை யாரும் எடுக்கவில்லை. சார்ஜர்ஸ் அணியில் சேர்ந்து 16 சீசன் ஆடி 116 டச்டவுன் போட்டார். ரீபவுண்டுக்கு ஆளை முதுகால் அடைத்து நிற்கும் பழக்கம் பந்து பிடிக்கக் கைகொடுக்கும். பிளாக்கிங்குக்கு அது போதாது.

கேள்வி: சார், பிளாக்கிங்கில் புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் அடியில். டிஃபென்சிவ் எண்ட் (எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்து ஆள்) உங்கள் வெளித்தோளுக்கு நேராக நிற்கிறார், பந்தோடு ஓடுபவர் வருவதும் அந்தப் பக்கம்தான் என்று வையுங்கள். வெளிக்காலை அரை அடிக்குமேல் எடுத்து வைக்கக் கூடாது. நீட்டி வைத்தால் இடுப்பு நிமிரும், உள்பக்கம் திறந்துவிடும், அவர் அந்த வழியாகப் புகுந்துவிடுவார். இரண்டாவது அடி தரையில் படும்போது இரு கைகளும் அவர் மார்புக் கவசத்துக்குள், கட்டைவிரல்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும். தலை அவருடைய வெளி அக்குள் பக்கம். கை தோளுக்கு வெளியே போய் ஜெர்சியைப் பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு போச்சு.

இன்னொன்று, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: உங்கள் பக்கத்து வைட் ரிசீவரும் (ஓரத்தில் நின்று பாஸ் பிடிப்பவர்) லைனிலேயே (பந்து வைக்கப்பட்ட கோட்டில்) நிற்கிறாரா என்று ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் முன், பாருங்கள். நின்றால் நீங்கள் பந்து பிடிக்கத் தகுதியற்றவர். பாஸ் போடும்போது லைனைத் தாண்டி ஒரு யார்டுக்குமேல் போயிருந்தால் 5 யார்டு அபராதம்.

கேள்வி: எங்கள் அணியின் புதுப் பையன் முதல் சீசனில் ஒன்றும் செய்யவில்லை. வீணா?

டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 2013-ல் முழங்கால் அறுவையால் ஒரே ஆட்டத்தோடு சரி, ஒரு கேட்சும் இல்லை. அடுத்த ஆண்டு பந்து பிடித்து 862 யார்டு. இன்னொரு டைட் எண்ட் பிராக் பவர்ஸ் 2024-ல் முதல் சீசனிலேயே 112 கேட்ச் பிடித்தது விதிவிலக்கு.

கேள்வி: முதல் சீசனை வைத்து முடிவு செய்யலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃபேன்டசிக்கு (நிஜ வீரர்களை வைத்து ஆடும் கற்பனை அணி விளையாட்டு) யாரை எடுப்பது?

ஃபேன்டசிக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஜிம்மி கிரஹாம் ரிசீவர்தானே அண்ணா? டைட் எண்ட் என்று சொல்லி ஏமாற்றினார்கள்.

பிரச்சினையே பணம்தான். 2014-ல் ஃப்ரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிந்த வீரரை அணி ஓராண்டுக்கு நிறுத்திக்கொள்ளத் தரும் சம்பளம்) டைட் எண்டுக்கு 70 லட்சம் டாலர் சுமார், ரிசீவருக்கு 1.23 கோடி. மூன்றில் இரண்டு பங்கு ஸ்னாப்பில் ஸ்லாட்டிலோ (லைன்காரர்களுக்கும் ஓர ரிசீவருக்கும் இடைப்பட்ட இடம்) வெளியிலோ நின்றார் என்பது அவர் தரப்பு வாதம். டேக்கிளிலிருந்து (தன் அணி லைனின் ஓரத் தடுப்பாளர்) நான்கு யார்டுக்குள் ஸ்லாட்டில் நின்றால் அதுவும் டைட் எண்டின் இடமே என்று இந்தச் சம்பளத் தகராறை விசாரித்த நடுவர் ஸ்டீஃபன் பர்பேங்க் ஜூலையில் தீர்ப்பளித்தார். கிரஹாமின் ட்விட்டர் குறிப்பில் ‘டைட் எண்ட்’ என்று இருந்ததையும் விடவில்லை.

கேள்வி: நான்கு யார்டு கணக்கு அநியாயம். யார் மார்க் பண்ணுகிறார் என்பதல்லவா முக்கியம்?

அதையும் பார்த்தார்கள். எதிரணி அவரைப் பெரும்பாலும் லைன்பேக்கரையோ சேஃப்டியையோ வைத்துத்தான் மார்க் செய்தது, ரிசீவர்களைக் காக்கும் கார்னர்பேக்கை வைத்தல்ல. உங்கள் அளவுகோலிலும் கிரஹாம் தோற்கிறார்.

கேள்வி: அப்படியானால் நஷ்டம்தானே?

அதே மாதம் நான்கு ஆண்டுக்கு 4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். இதில் நஷ்டம் எங்கே?