புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர், தொடர்ந்து வெல்லும் கூடைப்பந்து அணியை எப்படி உருவாக்குவது?

கேள்வியின் கீழே, "இந்த ஆண்டே கோப்பை வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. உங்களிடம் பன்னிரண்டு அல்லது பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களில் நன்றாக ஆடக்கூடியவர்கள் நான்கைந்து பேர், பயிற்சிக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஆடுகளம், அதுவும் மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று ஊகிக்கிறேன். பதினாறு ஆண்டுகளாகப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். நான் கோப்பை வென்ற முதல் ஆண்டும், ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத ஆண்டும் அடுத்தடுத்து வந்தவை. அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நான் பொறுப்பேற்ற மூன்றாம் ஆண்டில் ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள ஒரு மாணவனும், வேகமாகப் பந்தைத் தட்டிச் செல்லக்கூடிய இரண்டு கார்டுகளும் (வளையத்திலிருந்து தள்ளி நின்று பந்தை நடத்தும் ஆட்டக்காரர்கள்) எனக்கு வாய்த்தார்கள். அணியின் திட்டம் முழுவதும் அந்த உயரமான மாணவனைச் சுற்றியே அமைந்திருந்தது. வளையத்துக்கு அடியில் அவனிடம் பந்தைச் சேர்ப்பது, இருவர் சேர்ந்து அவனைத் தடுத்தால் அவன் வெளியே பாஸ் கொடுப்பது, அங்கே காத்திருக்கும் கார்டு ஷாட் எடுப்பது, அவ்வளவுதான். முதல் ஐவர் ஒவ்வொரு நாளும் இந்த ஒன்றையே ஒத்திகை பார்த்தார்கள், மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அந்த ஆண்டு கோப்பை எங்களுக்கு வந்தது. என்னைத் திறமையான பயிற்சியாளர் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதை முழுமையாக நம்பினேன்.

மறு ஆண்டு அந்த ஐவரில் நால்வர் படிப்பை முடித்துவிட்டுச் சென்றார்கள். முதல் ஆட்டத்திலேயே எதிரணி ஆடுகளம் முழுவதும் நெருக்கிப் பிடித்துத் தடுத்தது. விதி தரும் 8 விநாடிகளுக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்ல எங்களால் முடியவில்லை. எப்படியோ தாண்டினாலும் அவர்கள் முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று ஸோன் அமைத்து, அதாவது ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்து, நின்றார்கள். இரண்டாம் கால்பகுதியில் ஒரு மாணவனை மாற்று ஆட்டக்காரனாக உள்ளே அனுப்பினேன். களத்துக்குள் நான்கு அடி வைத்தவன் திரும்பி என்னைப் பார்த்து, "சார், நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டான்.

அந்த மாணவன் இரண்டு ஆண்டுகளாக ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. முதல் ஐவர் ஷாட் பழகும்போது பந்து பொறுக்கிக் கொடுத்தவன் அவன், பயிற்சி முடிந்ததும் பந்துகளை எண்ணிப் பையில் போட்டு அறையில் வைத்தவன் அவன். ஸோனுக்கு எதிராக எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரம் முதல் அவன் பயிற்சிக்கு வரவில்லை. நானும் அவனைத் தேடிப் போய் அழைக்கவில்லை. ஆட்டங்களில் தோற்றதைவிட இதுவே இன்றும் என் மனத்தில் தங்கியிருக்கிறது.

நல்ல ஆட்டக்காரர்கள் போய்விட்டால் எந்த அணியும் தோற்கத்தான் செய்யும், இதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார் என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளி அணியில் ஆட்டக்காரர்கள் போவது எதிர்பாராத விபத்து அன்று. யார் எந்த ஆண்டு போவார்கள் என்பது அவர்கள் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அடுத்தவர்களைத் தயார் செய்யாமல் இருந்தது என் பிழை. உயரமான பிள்ளை அமைந்த ஆண்டில் யாராலும் வெல்ல முடியும், அமையாத ஆண்டிலும் போட்டியில் நிற்கக்கூடிய அணியைத்தான் நீங்கள் உருவாக்கக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

அதற்குக் காலம் பிடிக்கும் என்பதை உங்கள் நிர்வாகத்திடம் சொல்ல உங்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தேவைப்படலாம். பயிற்சியாளர் ஜான் வுடன் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 1948 இல் பொறுப்பேற்றார். அவருடைய முதல் தேசியக் கோப்பை 1964 இல்தான் வந்தது. அதன் பிறகு 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 கோப்பைகளை வென்றார். டியூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷெஷெவ்ஸ்கி தம் முதல் மூன்று ஆண்டுகளில் 38 ஆட்டங்களில் வென்று 47 இல் தோற்றார். ஐந்து தேசியக் கோப்பைகளில் முதலாவது அவருக்கு 1991 இல் கிடைத்தது. 1974 இல் டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியை 22 வயதில் ஏற்ற பாட் சம்மிட் முதல் தேசியக் கோப்பைக்கு 1987 வரை காத்திருந்தார். அவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதைத்தான் சொல்கிறேன்.

தோல்வியில் முடிந்த அந்த ஆண்டுக்குப் பிறகு நான் செய்த முதல் மாற்றம், பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஒரே வேளையில் ஆடுகளத்துக்கு வரவழைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம் அவர்களுக்கு என்று ஒதுக்கினேன். மூத்த மாணவர்கள் ஆளுக்கு மூன்று பேரை எடுத்துக்கொண்டு சொல்லித் தந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அளவில் சிறிய ஐந்தாம் எண் பந்தும், வழக்கமான 3.05 மீட்டருக்குப் பதிலாக 2.60 மீட்டர் உயரத்தில் பொருத்திய வளையமும் கொடுத்தேன். பெரிய பந்தை உயரமான வளையத்துக்கு எறிய முயலும் பிள்ளை இடுப்பிலிருந்து பந்தை வீசிப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பதினைந்து வயதில் மாற்ற முயன்று நான் பலமுறை தோற்றிருக்கிறேன். ஓடிவந்து இரு கால்களையும் ஊன்றி நிற்பது, ஒரு காலை அச்சாக வைத்துத் திரும்புவது, வலக்கை, இடக்கை எதனாலும் லே-அப் போடுவது (வளையத்தை ஒட்டி ஓடிவந்து பந்தை உள்ளே இடுவது) ஆகியவை மட்டுமே அவர்களுக்கு முதல் ஆண்டுப் பாடம். அந்த வயதில் ஸோன் ஆட விடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். தூரத்திலிருந்து ஷாட் போட வலுவில்லாத பிள்ளைகளுக்கு எதிராக ஸோன் எளிதாக வெற்றி தரும் என்பது உண்மைதான், ஆனால் தன் ஆளைப் பின்தொடரக் கற்காத பிள்ளை பிறகு எந்தத் தடுப்பாட்டத்தையும் சரியாக ஆடுவதில்லை. இதனால் சின்னவர்கள் பல போட்டிகளில் தோற்றார்கள். அதைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் கொஞ்சமல்ல.

இதைவிட முக்கியமானது சொற்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயது மாணவனுக்கும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தினோம். மேலே போகும்போது புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, அதே பாடத்தை விரைவாகச் செய்தால் போதும். யார் எந்த இடத்தில் ஆடுவான் என்பதையும் பதினைந்து வயது வரை நான் தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டு வயதில் எல்லாரையும்விட உயரமாக இருக்கும் பிள்ளை அதன் பிறகு வளராமல் நின்றுவிடுவது உண்டு. அதுவரை வளையத்தடியில் மட்டுமே நின்று பழகிய அந்தப் பிள்ளைக்குப் பிறகு அணியில் இடமே இல்லாமல் போகிறது.

இரண்டாவது மாற்றம் ஒரு நோட்டுப் புத்தகம். காயம் காரணமாக ஆட முடியாத மாணவன் ஒவ்வோர் ஆட்டத்திலும் நான்கு செய்திகளை மட்டும் குறிப்பான்: போட்ட ஷாட்களில் உள்ளே போனவை, ஷாட் எடுக்காமலே இழந்த பந்துகள், எடுத்த ரீபவுண்டுகள் (உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்துகளைப் பிடிப்பது), கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றிப் போடும் ஷாட்கள்). அமெரிக்கப் புள்ளியியல் ஆய்வாளர் டீன் ஆலிவர் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பவை என்று எடுத்துக்காட்டியவையும் இந்த நான்கே. ஷாட்டுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு, பந்து இழப்புக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 என்று அவர் கணக்கிட்டார். எங்கள் நோட்டைப் பார்த்தபோதுதான், ஷாட் சரியில்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்மையில் ஓர் ஆட்டத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட பந்துகளை ஷாட் எடுக்காமலே இழந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. அடுத்த இரண்டு மாதங்கள் நெருக்கடியில் பாஸ் கொடுப்பதைத் தவிர வேறு எதையும் பெரிதாகப் பழக்கவில்லை. ஃப்ரீ த்ரோவையும் பயிற்சியின் முடிவில் வரிசையாக நின்று போடுவதை நிறுத்திவிட்டு, ஓடிக் களைத்த நேரத்தில் ஆளுக்கு இரண்டு மட்டும் போடச் சொன்னேன், ஏனெனில் ஆட்டத்தில் அது அப்படித்தான் வருகிறது.

மூன்றாவது மாற்றத்தைப் பலர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அறிவேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டாம் கால்பகுதியின் முதல் நான்கு நிமிடங்களை மாற்று ஆட்டக்காரர்களுக்கே கொடுத்தேன், எதிரணி யாராக இருந்தாலும் சரி. இதனால் ஓர் அரையிறுதியில் மூன்று புள்ளிகளில் தோற்றோம். அந்த நான்கு நிமிடங்களில் எதிரணி எடுத்த முன்னிலை ஒன்பது புள்ளிகள் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பெற்றோர் உண்டு. அவர்கள் கணக்குச் சரியானதே. ஆனால் அன்று அந்த நான்கு நிமிடங்கள் ஆடியவர்களில் மூவர் இரண்டு ஆண்டுகள் கழித்து இறுதியாட்டத்தில் முதல் ஐவரில் இடம்பெற்று இறங்கினார்கள், கோப்பையையும் வென்றார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் ஆட்டம் என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ஆட்டம் நடக்கும்போது அதைப் பற்றி யாரோடும் பேசாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வயதில் ஐந்தாம் எண் பந்தோடு எங்களிடம் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு கார்டை, கட்டணம் வேண்டாம் என்று சொல்லி வேறொரு பள்ளி அழைத்துச் சென்றது. பிள்ளையின் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் போயிருப்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மணி நேரம்கூடச் செலவிடாமல், பிறர் வளர்த்தவர்களைச் சேர்த்து ஆண்டுதோறும் கோப்பை வாங்குபவர்களைச் சாதனையாளர்கள் என்று மேடையேற்றுவதுதான் எனக்கு வலிக்கிறது. இதை வயிற்றெரிச்சல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த மாணவன் போன மறுநாள் அவன் இடத்தில் ஆட எங்களிடம் இருவர் தயாராக இருந்தார்கள். முன்பு போல ஒருவனை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஆண்டும் எங்களுக்குப் பழைய கதைதான்.

ஆகவே நிர்வாகத்திடம் இந்த ஆண்டே கோப்பை தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். மாறாக, சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி நேர ஆடுகளமும், ஐந்தாம் எண் பந்துகள் பத்தும், உயரம் குறைத்துப் பொருத்தக்கூடிய இரண்டு வளையங்களும் கேளுங்கள். இன்று மாலைப் பயிற்சிக்குப் போகும்போது, கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். அவனை உள்ளே அழைத்து, ஸோனுக்கு எதிராக எங்கே நிற்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.