தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு மின்சார விமானம் போகுமா?

தாராளமாக. கடலுக்கு மேல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். (தனுஷ்கோடி மணலில் ஓடுதளம் இல்லை, அது வேறு கதை.) 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற இரண்டு இருக்கை பிப்பிஸ்ட்ரல் வேலிஸ் எலக்ட்ரோ சுமார் 50 நிமிடம் பறக்கும். அதைவிடத் தூரம் போக இடிப்பது எடை. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ பேட்டரியில் 0.2 வந்தாலே பெரிது. ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துவதில் மோட்டார் எஞ்சினைவிட மூன்று மடங்கு என்றாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும். தீர்ந்த பேட்டரியோ அதே எடையோடு தரையிறங்கும்.

நம் கரையில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பாம்பன் பாலத்து இரும்பையே தின்கிற காற்று. கனெக்டர் பின்னில் பச்சை பூத்தால் மின்தடை கூடும், சூடேறும், இன்சுலேஷன் உருகும். பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு, மோட்டார் வயருக்கும் பாடிக்கும் நடுவே மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் அளவு இறங்கினால் ஈரம் உள்ளே போய்விட்டது.