தொழிற்கல்வியில் கெட்டிக்காரப் பிள்ளையை எப்படித் தெரிவது, எப்படிக் கௌரவிப்பது?

கேள்வி: நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. எங்களிடம் உயர்தரத் தொழிற்கல்விப் பிரிவில் 17 பிள்ளைகள் படிக்கிறார்கள். மின், தையல், கட்டட வேலை என்று மூன்று துறை. வருகிற பரிசளிப்பு விழாவில் இவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டேன், அதிபரும் சரி என்றார். ஆனால் யாருக்கு, எதை வைத்து என்று யோசித்தால் எனக்கே பதில் இல்லை. மற்றப் பிரிவுகளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி இருக்கிறது. இவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே? எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள்.

பதில்: ரீச்சர், எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் என்ற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். விஞ்ஞானப் பிரிவில் அப்படிச் செய்வோமா? முதலாம் பிள்ளை யார், இரண்டாம் பிள்ளை யார் என்று தசமதானம் வரைக்கும் பார்க்கிறோம். இங்கே மட்டும் 17 பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால், 'பிள்ளைகளே, உங்கள் வேலையை நாங்கள் யாரும் பார்க்கவில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்கும்.

நான் 20 வருடத்துக்கு மேல் மின் இணைப்பு வேலை சொல்லிக் கொடுத்தவன், பரீட்சித்தவன். மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். மருத்துவ பீடம், பொறியியல் பீடம் போன பிள்ளைகளை மாலை போட்டு அழைத்தார்கள். கடைசியில், சபை பாதி எழும்பிவிட்ட நேரத்தில், அறிவிப்பாளர் சொன்னார்: "இனி, படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கான ஊக்குவிப்புப் பரிசுகள்." முதலாவதாகக் கூப்பிட்ட பெயருக்குரிய பையன் மேடைக்கு வரவே இல்லை. அவன் எங்கே இருந்தான் தெரியுமா? மேடைக்குப் பின்னால், மின் பலகைக்குப் பக்கத்தில். அன்றைக்கு மேடை லைட், மைக் எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவன் அவன்தான். இரண்டு தரம் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பரிசு அவனுடைய வேலைக்குக் கிடைத்தது அல்ல, அவன் மேல் பட்ட இரக்கத்துக்குக் கிடைத்தது. அவன் வராமல் விட்டதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் செய்யப்போகிற கௌரவம் பிள்ளை செய்த வேலையைப் பார்த்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இசட் புள்ளி இல்லையே என்று கேட்டீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழிலும் தரம் பிரிப்பது இல்லை. அந்த முறையில் ஒருவர் தேர்ச்சி அடைந்தவர், அல்லது இன்னும் அடையாதவர், அவ்வளவுதான். ஏ, பி, சி என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டுக்குப் பாதுகாப்பாக வயரிங் செய்வாரா, மாட்டாரா என்பதைத்தான் அது சொல்கிறது. அது சரியான முறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் ஏழு மட்டங்களில் நான்காம் மட்டம் எடுத்த பத்துப் பேரில் மிகச் சிறந்தவர் யார் என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அதைப் பாடசாலைதான் தன் கையால் செய்ய வேண்டும். சான்றிதழ் வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை.

அதற்கு ஒரு நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. வேர்ல்ட்ஸ்கில்ஸ் எனப்படும் உலகத் திறன் போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான துறைகளில் 22 வயதுக்கு மேற்படாத இளைஞர்கள் போட்டியிடுவது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. 2024 செப்டெம்பரில் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. அங்கே புள்ளி போடும் விதம் இரண்டு. அளந்து பார்க்கக்கூடியதை அளந்து போடுவார்கள். நீளம் சரியா, நேரத்துக்குள் முடிந்ததா, லைட் எரிகிறதா. அளக்க முடியாததை, அதாவது நேர்த்தி, ஒழுங்கு போன்றவற்றை, மூன்று நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து 0 முதல் 3 வரை போடுவார்கள். தொழிலில் ஏற்றுக்கொள்ள முடியாத வேலை என்றால் 0. ஏற்றுக்கொள்ளலாம் என்றால் 1. சில இடங்களில் அதைவிட நன்றாக இருந்தால் 2. மிகச் சிறப்பு என்றால் 3. மூவரின் புள்ளிகளும் ஒன்றுக்கு மேல் விலகினால் திரும்பப் பேசிப் போடுவார்கள். இந்த முறைக்குக் காசு செலவில்லை. மூன்று ஆளும் ஒரு தாளும் போதும்.

இனி மின் துறைக்கு இதை எப்படிச் செய்வது என்று விரிவாகச் சொல்கிறேன், இது என் கைக்குத் தெரிந்த வேலை. ஒரு மரப் பலகையில் இரண்டு சுவிட்சால் ஒரு லைட்டை இயக்கும் இணைப்பு, படிக்கட்டு லைட்டுக்குப் போடுவதுபோல. கூடவே 13 அம்பியர் சொக்கெட் ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரைபடம், ஒரே நீள வயர், ஒரே நேரம். முடிந்ததும் மின் தொடர்பு இல்லாத பலகையில், மூடிகளைக் கழற்றி ஒவ்வொரு ஸ்குரூவிலும் வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த இணைப்புக்குப் பூச்சியம். ஸ்குரூவுக்கு வெளியே செம்பு பளிச்சென்று தெரிகிறதா? அங்கும் புள்ளி குறையும். சுவிட்ச் வெட்டுவது மின்சாரம் வருகிற லைன் கம்பியையா, அது திரும்பிப் போகிற நியூட்ரலையா என்று பாருங்கள். நியூட்ரலை வெட்டினாலும் லைட் அணையத்தான் செய்யும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நாளைக்குப் பல்ப் மாற்றக் கை வைக்கிற மனிசருக்கு 230 வோல்ட் அடிக்கும். எனவே இதில் பிழை விட்ட பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலிடத்துக்கு வரக் கூடாது. சொக்கெட்டின் ஏர்த் முனை உண்மையாகவே தொடுபட்டிருக்கிறதா என்பதை மல்டிமீற்றரால் பார்க்க வேண்டும். அதைவிட, மின்சாரம் கொடுக்கும் முன்னர் பிள்ளை தானாகவே மீற்றரை எடுத்துப் பார்த்ததா என்று கவனியுங்கள். யாரும் சொல்லாமல் பார்த்த பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. சரியாக இயங்கும் ஒரு பலகையில் நீங்களே ஒரு பிழையைப் போட்டுக் கொடுங்கள். உள்ளே ஒரு வயரைக் கழற்றி விடலாம், இரண்டு வயரை இடம் மாற்றி விடலாம். "லைட் எரியுதில்ல, என்னெண்டு பார்" என்று மட்டும் சொல்லுங்கள். சில பிள்ளைகள் உடனே எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கும். ஒன்றிரண்டு பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்கும், எந்தச் சுவிட்சைப் போட்டால் என்ன நடக்கிறது என்று கேட்கும், பிறகு நேரே அந்த இடத்துக்குப் போகும். கெட்டிக்காரப் பிள்ளை அங்கேதான் வெளியே தெரியும். எழுத்தில் சித்தியடையாத ஒரு பையன் இந்த இடத்தில் எல்லோரையும் தாண்டிப் போனதை நான் ஒரு தரம் அல்ல, பல தரம் பார்த்திருக்கிறேன்.

தையலுக்குச் சட்டையை உள்ளே புரட்டிப் பாருங்கள், வெளியே எல்லோரும் அழகாகத்தான் தைப்பார்கள். கொலரின் இரண்டு முனையும் ஒரே அளவா, கட்டம் போட்ட துணி என்றால் பொக்கெட்டில் கட்டம் கட்டத்தோடு சேருகிறதா, வெட்டித் தள்ளிய துணி எவ்வளவு என்பதும் பார்க்க வேண்டியவை. கட்டட வேலைக்கு ஒரு மூலைச் சுவர் போதும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பொய் சொல்லாது. மூலை சரியா என்பதற்கு ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி.

நடுவர்களை நன்றாக யோசித்துப் போடுங்கள். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் மச்சான், மாமா. ஆகவே வேலைத் துண்டில் பெயர் எழுத வேண்டாம், இலக்கம் மட்டும் போடுங்கள். மூவரில் ஒருவர் உங்கள் பாட ஆசிரியர். இன்னொருவரை மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அம்பாறைப் பக்கத்துப் பாடசாலை என்றால் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியில் கேட்கலாம். மூன்றாவது ஆள் கட்டாயம் தொழில் செய்கிறவராக இருக்கட்டும். ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு மேசன் பாஸ், ஏறாவூரில் தையல் நிலையம் நடத்துகிறவர், மருதமுனையில் தறி வைத்திருப்பவர் என்று யாராவது. அவர் நடுவராக வந்து உட்காருவதே பிள்ளைகளுக்கு ஒரு கௌரவம். போகும்போது அவரே ஒரு பிள்ளையை வேலைக்குக் கேட்டுவிட்டுப் போவதும் நடக்கும்.

ஒரு நாள் வேலையை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. அன்றைக்குக் காய்ச்சலோடு வந்த பிள்ளை பின்னுக்குப் போய்விடும். வேலைத்தளப் பயிற்சிக்குப் போன இடத்தில் பிள்ளையின் பொறுப்பாளரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பிள்ளையைத் தனியே ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவீர்களா? அவர் சொல்வதற்கும் பிள்ளையின் வேலைப் பதிவேட்டுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு புள்ளி வைக்கலாம்.

சரி, தெரிவு முடிந்தது. மேடைக்கு வருவோம். நிகழ்ச்சி நிரலில் இவர்களைக் கடைசியில் போட வேண்டாம். மற்ற உயர்தரப் பிரிவுகள் வரிசையாக வரும் இடத்தில் இதுவும் ஒரு பிரிவாக வரட்டும். பெயரோடு ஒரு வசனம் வாசியுங்கள். "மின் துறையில் முதலிடம். கொடுத்த பிழையை நாலு நிமிடத்தில் கண்டுபிடித்தவர்" என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் சபை நிமிர்ந்து பார்க்கும். "ஊக்குவிப்பு", "பின்தங்கிய", "படிக்க ஏலாத" என்ற சொற்கள் அன்றைக்கு யாருடைய வாயிலும் வரக் கூடாது. பிரதம விருந்தினரிடமும் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். மண்டப வாசலில் மூன்று மேசை போட்டு, செய்த பலகைகளையும் சட்டைகளையும் வையுங்கள், பக்கத்தில் பிள்ளை நிற்கட்டும். தாய் தகப்பன் வந்து, தன் பிள்ளை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதைப் பார்க்கிற அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தக் கேடயமும் ஈடாகாது.

கேடயம் என்றதும் ஞாபகம் வருகிறது. தயவுசெய்து பிளாஸ்டிக் கிண்ணம் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மல்டிமீற்றர், ஒரு துணி வெட்டும் கத்தரிக்கோல், ஒரு ரசமட்டம் வாங்கலாம். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் இதற்குத் தருவார்கள், வெளிநாட்டில் இருந்து தருகிறவர்களில் பலரே கைத்தொழில் தெரிந்து பிழைத்தவர்கள்தான். கருவியில் பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் பொறித்துக் கொடுங்கள். கூடவே அதிபரின் கையெழுத்தோடு ஒரு கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும். "சிறந்த மாணவர், நற்பண்பு உள்ளவர்" என்று எழுதினால் எந்த முதலாளிக்கும் அதில் பயன் இல்லை. என்னென்ன வேலை செய்யத் தெரியும், எங்கே எத்தனை மாதம் பயிற்சி, எந்த நடுவர்கள் முன்னால் செய்து காட்டினார் என்று எழுதுங்கள். நாளைக்குக் கட்டாருக்கோ கொழும்புக்கோ போகிற பிள்ளைக்குக் கையில் இருக்க வேண்டியது அந்தக் கடிதம். அப்புறம், மண்டபச் சுவரில் பல்கலைக்கழகம் போனவர்களின் பெயர்ப் பலகை இருக்கும்தானே? அதற்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று.

பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள், "மேசன் வேலைக்கு என்ன பரிசு" என்று. அவர்களுக்குப் பாதையைக் காட்டுங்கள். என்.வி.கியூ. ஏழு மட்டம் கொண்டது. நான்காம் மட்டத்தோடு நின்றுவிடத் தேவையில்லை. ஐந்தும் ஆறும் டிப்புளோமா, ஏழாவது பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிற்தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லலாம். நாம் மேடைக்கு மேடை பெயர் சொல்லும் காரைதீவு விபுலானந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் ஆன அதே 1916இல்தான் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாவும் எடுத்தார். தமிழும் தொழில்நுட்பமும் அவருக்கு வேறு வேறு வாசல்களாக இருக்கவில்லை.

விழாவுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தால், செயல்முறைப் பரீட்சையை யூலை 15ஐ ஒட்டி வையுங்கள். அது உலக இளையோர் திறன் தினம். 2014இல் ஐ.நா. பொதுச் சபையில் அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தது இலங்கைதான். நம் நாடு உலகத்துக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்த தினத்தை நம் பாடசாலைகளே மறந்திருப்பது எனக்கு மனவருத்தம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் கட்டாயம் வரும்: சாதாரணதரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு முதற்பரிசு கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். 2017இல் 42 பாடசாலைகளில், இந்தத் தொழிற்கல்விப் பிரிவைக் கொண்டுவந்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கியபோதே, சாதாரணதரம் சித்தியடையாவிட்டாலும் பிள்ளை தொடர்ந்து படிக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. சேரும்போது கேட்காத தகுதியைப் பரிசு கொடுக்கும்போது கேட்பது நியாயம் இல்லை. நடுவர் தாளில் சாதாரணதரப் பெறுபேற்றுக்கு இடமே வைக்காதீர்கள்.